ஹாத்தின் வேறு, காட்டின் வேறு

காட்பாடியில் போன வாரம் நண்பர்களோடு ‘வந்து பார்’ (1985) என்ற சோவியத் போர்ப் படம் பார்த்ததைப் பற்றி எழுதிய சகோ, அதில் நாஜிகள் கிராமத்தை எரிக்கும் காட்சி சோவியத் பிரசாரம் என்கிறார். நிஜத்தில் அப்படி எரிக்கப்பட்ட ஹாத்தின் (Khatyn) கிராமத்தில் மக்களைக் கொன்றது ஸ்டாலினின் ஆட்கள், 1990இல் மாஸ்கோவே ஒத்துக்கொண்டது என்றும் சொல்கிறார். இது தவறு. 1990இல் ஒத்துக்கொண்டது, ரஷ்யாவில் உள்ள காட்டின் (Katyn) என்ற இடத்தின் பெயரால் அறியப்படும் வேறொரு படுகொலையை. 1940இல் போலந்து அதிகாரிகள் உட்பட சுமார் 22,000 பேரைச் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக்கொன்றது.

ஹாத்தின் பெலாரஸில் இருந்த சின்ன கிராமம். 1943 மார்ச் 22 அன்று நாஜிப் படையும் அதன்கீழ் இருந்த 118ஆவது துணைப் போலீஸ் பட்டாலியனும் ஊர்க்காரர்களை ஒரு தானியக் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தன. கதவை உடைத்து ஓடியவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்கள் 149 பேர், அதில் 75 பேர் குழந்தைகள். இந்த எண்ணை எழுதும்போதே கை நடுங்குகிறது.

பேர் ஒரே மாதிரி இருக்கிறதென்று பரமத்தி வேலூரையும் நம்ம வேலூரையும் ஒன்றாக்க முடியுமா? அதே தப்புதான் இங்கேயும்.

சரி, படத்தில் வரும் கிராமம் கற்பனைதான். ஆனால் திரைக்கதையை இயக்குநர் கிளிமோவோடு சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச், சிறுவயதிலேயே பெலாரஸ் கெரில்லாக்களோடு இருந்தவர். பின்னாளில் எரிந்த கிராமங்களில் உயிர்தப்பியவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தவர். அந்தக் கொட்டகைக் காட்சி அவர்கள் வாயிலிருந்து வந்தது. அதைப் பிரசாரம் என்று தள்ளும் வரியைத் தயவுசெய்து திருத்துங்கள்.