ஸ்பான்சர் வாங்கினால் ஒலிம்பிக் போச்சா?

டெல்லியில் பி.காம். படித்துக்கொண்டே குளிர்காலத்தில் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சி எடுக்கும் பெண்ணைப் பற்றி ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்: ஸ்பான்சர் பணம் வாங்கினால் ‘அமெச்சூர்’ (பணத்துக்காக விளையாடாதவர்) தகுதி போய்விடும், ஒலிம்பிக்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று.

அண்ணா, ஒரு காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது. 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து ஆஸ்திரியப் பனிச்சறுக்கு வீரர் கார்ல் ஷ்ரான்ஸை விளம்பர வருமானத்தைக் காட்டியே வெளியே அனுப்பினார்கள். ஆனால் 1986-ல் தொழில்முறை வீரர்களை அனுமதிப்பதை அந்தந்த விளையாட்டுச் சம்மேளனங்களிடம் ஒலிம்பிக் கமிட்டி விட்டுவிட்டது. சீனாவுக்காக ஆடும் பனிச்சறுக்கு வீராங்கனை எய்லீன் கு, ரெட் புல் ஸ்பான்சரோடுதான் 2022 பெய்ஜிங்கில் 2 தங்கம், 1 வெள்ளி வாங்கினார். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் படிக்கவும் சேர்ந்தார்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒலிம்பிக் கமிட்டியின் இணையதளத்தில் ‘ஒலிம்பிக் சாசனம்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 40-வது விதியையும் அதன் துணைவிதியையும் படியுங்கள், ஒரே பக்கம்தான். போட்டி நாட்களில் வீரரின் பெயர், படம் விளம்பரத்தில் வருவதற்குக் கமிட்டியின் நெறிமுறைகள் உண்டு, அவ்வளவுதான். ஸ்பான்சர் வாங்கியவர் வரக்கூடாது என்று அங்கே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போதைய தலைவலி கல்லூரி அட்டெண்டன்ஸ். அது வேறு கதை.