பேசில் துளசி இல்லீங்க, திருநீற்றுப்பச்சிலை

"பேசில்னா நம்ம துளசிதான், பாஸ்தாவுக்கு அதையே போடுங்க, டீக்கு 20 நிமிஷம் கொதிக்கவிடுங்க"ன்னு மேலே எழுதியிருக்கீங்க. இல்லீங்க. பேசில் திருநீற்றுப்பச்சிலை, சப்ஜா விதை அதுலதான் வருது. துளசி அதுக்குச் சொந்தம்தான், ஆனா வேற செடி, காரமா கிராம்பு வாசம் அடிக்கும். அஸ்தம்பட்டியில எங்க மாடித் தொட்டியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பேசில் இலை வழவழன்னு லேசா குழிஞ்சிருக்கும்; துளசித் தண்டுல பூனைமுடி தெரியும்.

இலையை அவ்வளவு நேரம் கொதிக்கவிட்டா வாசம் ஆவியோட போயிடும். ஏழெட்டு இலையைக் கிள்ளி டம்ளர்ல போட்டு, சுடுதண்ணி ஊத்தி, 5 நிமிஷம் தட்டு போட்டு மூடுங்க. தட்டுக்கு அடியில துளித்துளியா நிக்கும் பாருங்க, அதையும் டம்ளர்லயே வடிச்சிடுங்க. பாஸ்தாவுக்கும் அடுப்பை அணைச்சப்புறம் கிள்ளிப் போட்டா போதும்.