எதிர்ப்புச் சக்தி மட்டும் போதாது

“எதிர்ப்புச் சக்தி இருந்தால் கருப்பை வாயில் ஹெச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) உண்டாக்கும் மாற்றங்கள் தாமே மறையும்; நிலவேம்புக் கஷாயம் போதும்” என்று கடலூர் அன்பர் எழுதியது பாதிதான் உண்மை. பெரும்பாலான தொற்றுகளை உடல் ஓரிரு ஆண்டுகளில் அடக்கிவிடுகிறது. லேசான மாற்றங்களும் பெரும்பாலும் மறைகின்றன. ஆனால் இந்த வைரஸ் இரத்தத்தில் கலக்காமல் மேற்புறச் செல்களுக்குள்ளேயே அழற்சியின்றித் தங்குவதாலும், அதன் இ6, இ7 புரதங்கள் எச்சரிக்கைச் சமிக்ஞைகளை மழுங்கடிப்பதாலும், திடகாத்திரமான சிலரிடமும் அது ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. சி.ஐ.என். 3 எனப்படும் கடுமையான மாற்றத்தைச் சிகிச்சையின்றி விட்டால், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு அது புற்றுநோயாகிறது. கஷாயம் இதைத் தடுப்பதாகச் சான்றில்லை (தடுப்பூசியும்கூட ஏற்கெனவே உள்ள மாற்றத்தைக் குணப்படுத்தாது). பரிசோதனையின்போது கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவியதும் வெளுக்கும் இடம் எந்த நிலையில் உள்ளது என்பதைத் திசுப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.