ஒரு குயிக் லிங்க்குக்கு இத்தனை பாடா?

நேற்று அழகர்கோவில் சாலையில் மறுபடியும் சைக்கிள் செயின் கழன்று விழுந்தது. மாதத்தில் மூன்றாவது தடவை! "எல்லாத்துக்கும் சேரும் தம்பி" என்று கடையில் கொடுத்த குயிக் லிங்க்தான் (செயினின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பூட்டும் கண்ணி) காரணம். எப்படிச் சேரும்? கண்ணிக்குக் கண்ணி தூரம் எல்லாவற்றிலும் 12.7 மில்லிமீட்டர், சரி. அகலம்? 8 ஸ்பீடு (பின்சக்கரத்தில் எட்டு பல்சக்கரம்) செயின் ஏறக்குறைய 7.1 மில்லிமீட்டர், 9 ஸ்பீடு 6.6, 10 ஸ்பீடு 5.9. அரை மில்லிமீட்டர்தானே என்றால், அகலமான லிங்க் லொடலொடவென்று ஆடிக் கழன்றுவிடும். குறுகலானது பூட்டவே பூட்டாது. அடித்துப் பூட்டினால் கண்ணி மடங்காமல் விறைத்துக்கொண்டு, சுற்றி வரும்போதெல்லாம் பல்லில் குதிக்கும். அப்புறம், 10 ஸ்பீடுக்கு மேல் பல லிங்க்குகளைக் கழற்றினால் திரும்ப மாட்டக்கூடாதாம். இத்தனை இருக்க, எத்தனை ஸ்பீடுக்கு என்ற எண்ணே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்கலாமா? கையெல்லாம் கரி, கொளுத்தும் வெயில், வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன்.