புறா பயப்படாது தம்பி

வியாழக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்த படத்தைப் பற்றி இங்கே இரண்டு வரி புலம்பியிருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பால்கனிக் கம்பி, நைலான் கயிறு, கயிற்றில் ஆடும் ஒரு தட்டு, நான் வீடியோ எடிட் செய்து ரைட் செய்து கொடுத்த டிஸ்க். கீழே "அண்ணன் கொடுத்தது ஒருவழியா உபயோகப்பட்டுச்சு, புறா வரதில்ல" என்று சித்தப்பா மகன் எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கினால் என் கையெழுத்து தெரிகிறது: பெரியப்பா சதாபிஷேகம், திருக்கடையூர். பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என் மனைவி. அதைத் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

முதலில் புறா விஷயம். தம்பி, அது ப்ளூரே, டிவிடிக்கு அடுத்த தலைமுறை வீடியோ டிஸ்க். மேல்பக்கம் பிரிண்டருக்கான வெள்ளைப் பூச்சு, அடிப்பக்கம் கருஞ்சாம்பல். பழைய சிடி மாதிரி வெயிலில் பளபளக்காது. புறா பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செல்லாத சாப்ட்வேர் சிடி ஒரு பை நிறையக் கொடுத்திருப்பேன்.

கோபத்தில் எழுதவில்லை. நிதானமாகத்தான் சொல்கிறேன். எடிட் செய்த வீடியோவை டிஸ்க்கில் ஏற்றும்வரை வேலை முடிவதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும்வரை அது 'பண்ணிக்கிட்டு இருக்கேன்' கணக்குத்தான். நாளைக்கு ஒரு பாட்டை மாற்றலாம், மறுநாள் ஒரு ஷாட்டை வெட்டலாம். டிஸ்க்கில் எழுதி, பெட்டிக்குள் வைத்து, இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் முடிந்தது.

பலர் நினைப்பது, கேமராவில் இருந்ததை அப்படியே தட்டில் காப்பி செய்துவிட்டேன் என்று. என் கேமராவும் மூன்று பேருடைய போனும் சேர்த்துப் பதினோரு மணி நேர வீடியோ. அதை 1 மணி 52 நிமிடமாக்க எனக்கு நான்கு மாதம் ஆனது, இரவு பத்து மணிக்கு மேல். நான் எடுத்தது நொடிக்கு 50 முழு பிரேம். ப்ளூரே விதிமுறை 1080 அளவுக்கு அதை ஏற்காது, 50i ஆக, அதாவது நொடிக்கு 50 அரை பிரேமாக, மாற்ற வேண்டும். போன் வீடியோவின் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. மாற்றாமல் போட்டால் பத்து நிமிடத்தில் மந்திரம் ஒரு பக்கம், சாஸ்திரிகள் வாய் ஒரு பக்கம். அப்புறம் இடக் கணக்கு. 25 ஜிபி டிஸ்க் என்றால் 200 கிகாபிட். 1 மணி 52 நிமிடத்துக்கு வகுத்தால் நொடிக்கு 29 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒலிக்கும் மெனுவுக்கும் இடம் விட்டுப் படத்துக்கு 26 வைத்தேன். ஒரு டிஸ்க்கை 4 எக்ஸ் வேகத்தில் ரைட் செய்ய இருபது நிமிடம், சரிபார்க்க இன்னொரு இருபது. ப்ளூரே ஆறு. ப்ளூரே பிளேயர் இல்லாத வீடுகளுக்கு டிவிடி எட்டு, அதற்கு 720க்கு 576 அளவில், எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் தனியே இன்னொரு என்கோடிங்.

இவ்வளவும் எதற்கு? குரூப்பில் ஒரு சுருக்கிய காப்பி சுற்றியதே, அது போதாதா? போதாது. தண்ணீர், அட்சதை, பூ, ஹோமப் புகை. வீடியோவைச் சுருக்கும்போது முதலில் உடைவது இவைதான். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் நகர்கிறது, அதை எழுத பிட்ரேட், அதாவது நொடிக்குச் செலவாகும் டேட்டா, நிறைய வேண்டும். கொடுக்காவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். நம் வீட்டு விசேஷங்களில் முக்கியமான நிமிடம் எல்லாமே தண்ணீரும் அட்சதையும்தான்.

ஏழாவது சாப்டர். பெரியப்பாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் சல்லடை பிடித்து கலசத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார், கண்ணை இறுக மூடியிருக்கிறார். தண்ணீர் விழ விழ அவருடைய இடது கை பக்கத்தில் எதையோ துழாவுகிறது. பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்ததும் நின்றுவிடுகிறது. நாலு விநாடிகூட இருக்காது. நான் படம் பிடித்தபோதும் அதைப் பார்க்கவில்லை, எடிட் செய்யும்போதுதான் பார்த்தேன். குரூப்பில் வந்த காப்பியில் அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. கையே இல்லை.

சரி, அந்த இரண்டு வரிப் புலம்பலுக்கு நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

"டிஸ்க் போட இப்போ யார் வீட்டுல பிளேயர் இருக்கு?" நியாயமான கேள்வி. வாங்கிக்கொள்ளலாம். அடுத்த கேள்வி.

"பென் டிரைவ்ல கொடுக்க வேண்டியதுதானே?" கொடுத்தேன். இந்தப் பதில் கொஞ்சம் நீளும். மச்சினி மகளின் காதுகுத்து வீடியோவை நான்கு பென் டிரைவில் போட்டு, பெயர் எழுதி, வெல்வெட் பையில் வைத்து, தாம்பூலத்தோடு கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஒருவர் காரில் ஏறினால் அதே பென் டிரைவ் பாட்டுப் பெட்டியில் செருகியிருக்கிறது. காதுகுத்தை அழித்துவிட்டு எண்பதுகளின் பாட்டு ஏற்றியிருக்கிறார். "நல்ல டிரைவ் மாப்ள, எங்க வாங்கினீங்க?" என்று என்னையே கேட்டார். எதையும் அழிக்க முடிகிற பொருளைக் கொடுத்தால் அழிப்பார்கள். ஒருமுறை மட்டும் எழுத முடிகிற டிஸ்க்கில் யாரும் மேலே பாட்டு ஏற்ற முடியாது. அதிகபட்சம் பால்கனியில் தொங்கவிடலாம்.

"கிளவுட்." கூகுள் போட்டோஸின் எல்லையில்லா இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது இப்போது அவர்கள் விதி. என் கணக்கு நான் இருக்கும்வரை. அப்புறம் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? ஒரு வீடியோ தளத்தில் ரகசியமாக ஏற்றியும் பார்த்தேன். ஊஞ்சலின்போது மண்டப ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியது. காப்புரிமை என்று சொல்லி அந்தப் பகுதியின் ஒலியை எடுத்துவிட்டார்கள். என் பெரியப்பா சிரிக்கிறார், சத்தமில்லை.

"ஸ்டீவ் ஜாப்ஸே ப்ளூரேயை வேதனை மூட்டை என்றாரே." 2008இல் சொன்னார், லைசென்ஸ் தொல்லையைப் பற்றி. என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

"டிஸ்க்கும் கெட்டுப்போகும்." ஆமாம். இதற்கு மட்டும் நான் தலை குனிகிறேன். 2009இல் தங்கை வளைகாப்பை மலிவான டிவிடியில் ரைட் செய்து வைத்தேன். ஏழு வருடம் கழித்துப் போட்டால் வளையல் அடுக்கும் இடத்தில் நின்றுவிட்டது. ஓரத்தில் நிறமே மாறியிருந்தது. டிவிடியில் எழுதும் அடுக்கு கரிமச் சாயம், வெயிலும் வெக்கையும் ஆகாது. ப்ளூரேயில் பெரும்பாலானவை கனிம அடுக்கு, எல்டிஹெச் என்று போட்டிருந்தால் மட்டும் மறுபடியும் சாயம். வாங்குமுன் அட்டையைப் படியுங்கள். நான் அன்று படிக்கவில்லை. தங்கை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஆமாம், காலி டிஸ்க்கும் அருகிக்கொண்டே வருகிறது. பானசோனிக் 2023இல் நிறுத்தியது, சோனி 2025 பிப்ரவரியில். நொய்டா பக்கம் தயாரித்து நம் ஊர்த் தெருவெல்லாம் விற்ற மோசர் பேயர் 2018இலேயே கலைப்புக்குப் போய்விட்டது. விண்டோஸ் 7இல் இருந்த டிவிடி மேக்கரை 8இல் எடுத்துவிட்டார்கள். டிஸ்க்குக்கு மெனு அமைக்கும் அடோபி என்கோர் 2012 பதிப்போடு நின்றது. என்னிடம் ஐம்பது டிஸ்க் அடுக்கு ஒன்று இருக்கிறது, அதில் முப்பத்தொன்று மீதி. பெரிதாகச் சிரிக்க வேண்டாம், உங்கள் யாருடைய பணமும் அதில் இல்லை.

பெரியப்பா போன கார்த்திகையில் போய்விட்டார்.

கும்பகோணத்தில் பெரியம்மாவுக்கு நான்தான் பிளேயர் வாங்கி வைத்தேன். மெனுவே வராமல், தட்டைப் போட்டதும் ஓடுகிற மாதிரி அவருக்கென்று தனி டிஸ்க் ரைட் செய்தேன். ரிமோட்டில் 'அடுத்தது' பொத்தான்மேல் சிவப்பு ஸ்டிக்கர். ஆறு தடவை அழுத்தினால் தண்ணீர் ஊற்றும் இடம். போன மாதம் போயிருந்தபோது பெரியம்மா விரல் விட்டு எண்ணி அழுத்தினார். ஐந்தில் நிறுத்திவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்குல்ல?" என்றார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

சிரித்த பதினேழு பேரையும் ஒன்று கேட்கிறேன். ஒருத்தராவது அதைப் போட்டுப் பார்த்தீர்களா? பிளேயர் இல்லை என்பது சாக்கு. உங்களில் இரண்டு பேர் வீட்டில் பிளேஸ்டேஷன் இருக்கிறது, டிஸ்க் போடும் மாடல், ப்ளூரே அதில் ஓடும். பிள்ளைகள் தினமும் அதில் விளையாடுகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரியும், பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. தொங்கவிடுவதற்காகப் பிரித்தவன் தம்பி ஒருத்தன்தான். அந்த வகையில் அவன் பரவாயில்லை.

வேலைவெட்டி இல்லாதவன் என்று இதற்கும் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நான் யாரிடமும் காசு கேட்கவில்லை, பாராட்டும் கேட்கவில்லை. பாராட்டு கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

தம்பி, உன் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றை நடு ஓட்டையில்தான் கட்டியிருக்கிறாய், தனியாகத் துளை போடவில்லை. நல்லது. ப்ளூரேக்கு அடிப்பக்கம் கடினப் பூச்சு உண்டு, கீறல் அவ்வளவு சீக்கிரம் விழாது. மழை வருமுன் அவிழ்த்து எடு. அதன்மேல் புறா ஏதாவது செய்திருந்தால் ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடை, வட்டமாகத் தேய்க்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பழைய சிடி ஒரு பை கொண்டுவருகிறேன், அதைத் தொங்கவிடு.