கூட்டத்தைச் செம்மலையில் வையுங்கள்

சர்வமதக் கூட்டம் என்றாலே எங்கடை சனத்துக்கு ஒரு சலிப்பு. ஐயர், பாதர், மௌலவி, பிக்கு நாலுபேரும் வரிசையாக நின்று விளக்கேற்றுவார்கள், எல்லாச் சமயமும் அன்பைத்தான் போதிக்கிறது என்பார்கள், பிறகு சாப்பாடு, குழுப்படம். அந்தச் சலிப்பு நியாயமானது. ஆனாலும் இந்தக் கூட்டங்களே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதைக்காமல் விட்டதால் வந்த வினையை வன்னியில் கண்ணால் கண்டிருக்கிறோம்.

2019ஐ மட்டும் எடுங்கள். மார்ச் 3, சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னார் திருக்கேதீஸ்வரம் சிவன் கோயிலுக்குப் போகும் வீதியில் சைவர் வைத்த வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். இரண்டு பக்கமும் தமிழர். ஒரே பங்கருக்குள் பதுங்கி, ஒரே முகாமில் வரிசையில் நின்ற சனம். அதே ஆண்டு செப்டெம்பர் 23, முல்லைத்தீவுச் செம்மலையில் நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியடியில், நீதிமன்றம் வேறு இடம் சொல்லியிருந்தும், அந்தக் கோயில் வளவில் விகாரை அமைத்திருந்த பிக்குவின் உடலை எரித்தார்கள்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். முதலாவது அயலவர் பிணக்கு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கொடியேறுவதற்கு முன் ஒருதரம் இருந்து கதைத்தால் தீரும். இரண்டாவதில் ஒரு பக்கத்துக்கு அரச பலம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு நல்லிணக்கம் பேசினால் யாரும் நம்பப்போவதில்லை.

என் அளவுகோல் இதுதான்: ஒரு சமயத் தலைவர் மற்றச் சமயத்தவரோடு மேடையில் என்ன பேசினார் என்பதல்ல, திரும்பி வந்து தன் சனத்துக்கு என்ன சொன்னார் என்பது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் போனார்கள். எங்கள் கோயில் திருவிழாக்களில் எத்தனை சமயச் சொற்பொழிவு கேட்டிருப்போம்! அதில் ஒன்றிலாவது இந்த அநியாயத்தைப்பற்றி ஒரு வசனம் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்கவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் போரைப்பற்றி விசாரித்த அரசாங்க ஆணைக்குழு முன்னால் போய், கடைசிப் போரில் வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்றார். கச்சேரி (மாவட்டச் செயலக)ப் பதிவை வைத்துத்தான் சொன்னார். அந்தத் தொகையில் சைவர் எத்தனை, கத்தோலிக்கர் எத்தனை என்று அவர் பிரிக்கவில்லை. ஆயர் அங்கியோடு நின்று எல்லாருக்குமாகக் கேட்டார். சமயத் தலைமை என்று நான் சொல்வது அதை.

அறிஞர்களும் இந்த மேசைக்கு வரவேண்டும். முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் பழைய பௌத்தச் சின்னம் தெரிந்தால் அது சிங்கள நிலம் என்கிறார்கள். நாங்களோ பதறிப்போய், இங்கே பௌத்தமே இருக்கவில்லை என்கிறோம். இரண்டும் பிழை. தமிழரும் பௌத்தராய் இருந்த காலம் உண்டு. காஞ்சியில் பௌத்தம் தழைத்தது. இராசராச சோழன் காலத்தில் நாகபட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. படித்த மனிதர் இதைத் தமிழில் எங்களுக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் காணாது. சிங்களத்தில், பிக்குமாருக்கு முன்னால், நிதானமாகச் சொல்லவேண்டும். அவர்களுடைய பயத்தையும் கேட்கவேண்டும்.

2023இல் புலம்பெயர் தமிழர் சிலரும் பிக்குமார் சிலரும் நேபாளத்து நாகர்கோட்டில் கதைத்து இமாலயப் பிரகடனம் என்ற நல்லிணக்க அறிக்கையைக் கொண்டுவந்தார்கள். கதைத்ததை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி இருந்த தாய்மாருக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை.

ஆகவே சர்வமதக் குழுக்களை நடத்துகிற ஐயாமாரிடம் என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்தை ஹோட்டல் மண்டபத்தில் வைக்கவேண்டாம். செம்மலையில் வையுங்கள், இல்லாவிட்டால் குருந்தூர்மலைக்குப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில். அந்தத் தாய்மாரையும், தொல்லியல் காணி என்று மறிக்கப்பட்டு வயலுக்குள் இறங்கமுடியாமல் நிற்கும் கமக்காரரையும் முதலில் பேசவிடுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் காசு ஒதுக்குங்கள். பிக்குமார் வருவார்களா என்று கேட்பீர்கள். எல்லாரும் வரமாட்டார்கள். தமிழ் தெரிந்த பிக்குமார் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் வந்தாலும் தொடங்கலாம்.