கரிசல் வெடித்துக் கிடந்தால் உழவும் வரப்பும் வேண்டாமா?

"கரிசல் காட்டுக்குக் கோடை உழவும் வேண்டாம், வரப்பும் வேண்டாம், மழைத்தண்ணீர் முழுவதும் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பாதி உண்மை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

முதல் மழையை வெடிப்பு வாங்கிக்கொள்வது நிஜம். அப்புறம் நடப்பதைத்தான் தகவல் சொல்லவில்லை. கரிசலில் களிமண் அதிகம், நனைந்ததும் உப்பிவிடும். வெடிப்பு மூடிக்கொள்ளும், மேல்மண் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதற்குமேல் தண்ணீர் மிக மெதுவாகத்தான் இறங்கும், மிச்சம் ஓடும். ஐப்பசி அடைமழையில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் ஓடைகளில் கலங்கி ஓடுவது யாரோ ஒருவர் காட்டின் மேல்மண்தான். ஏக்கருக்கு 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். ஒரே நாளில் 50 மி.மீ. கொட்டினால் 2 லட்சம் லிட்டர். வெடிப்பை மட்டும் நம்பி விடுகிற அளவா இது?

போதாததற்கு, கோடையில் அடிமண் ஈரம் ஆவியாகப் போவதும் இதே வெடிப்பு வழியாகத்தான். உழுத புழுதி அந்த வாயை மூடுகிறது. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்றவர்கள் சும்மா சொல்லவில்லை.

சரி, எப்படி உழுவது? சரிவுக்குக் குறுக்கே. சரிவோடு உழுதால் கலப்பை கிழித்த ஒவ்வொரு சாலும் வாய்க்கால்தான். மழைக்கு முன்பே சிறு வரப்பு போட்டு நிலத்தைப் பாத்திகளாகத் தடுத்துவிட்டால், விழுகிற தண்ணீர் அங்கேயே நின்று ஊறும். ஒரு எச்சரிக்கை: கரிசலில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் உளுந்தும் பருத்தியும் தாங்காது. தாழ்ந்த பக்கத்து வரப்பில் கல் அடுக்கிய வடிகால் ஒன்று வையுங்கள்.